ஆணி அடிக்க யாரைக் கேட்பது?

1982 பெப்ரவரி 15ஆம் திகதி இலங்கையில் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. ஜப்பானிய உதவியோடு உருவான அந்தத் தொலைக்காட்சியின் முக்கியமான ஒளிபரப்பு நிலையத்துக்கு நுவரெலியா நகருக்கு மேலே இருக்கும் பிதுருதலாகல மலையையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். 2,524 மீற்றர் உயரமான அந்த மலையைவிட உயர்ந்த இடம் நாட்டில் இல்லை. அங்கிருந்து கிளம்பிய அலைகள் தீவின் பெரும்பகுதியை எட்டின. ஆனால் அதே மலையைச் சுற்றிக் கிடந்த தேயிலைத் தோட்டங்களில், கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள் அன்று இரவும் குப்பி விளக்கைத்தான் ஏற்றினார்கள். தொழிலாளர் குடியிருந்த பெரும்பாலான லயங்களுக்கு மின்சாரக் கம்பி வந்திருக்கவில்லை.

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே லயங்களில் வேறொரு பேச்சு நடக்கிறது. கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் தீபாவளிக்கு வரும்போது 32 அங்குலத் தட்டைத் திரை டிவி ஒன்றை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருகிறான். பெட்டிக்குள் இரண்டு கால்களும் இருக்கின்றன. சுவரில் மாட்டும் பிராக்கெட்டைத் தனியாக வாங்க வேண்டும். மாட்டுவதா, மேசையில் வைப்பதா? மகனுக்கு மாட்ட ஆசை. “செவுரு தாங்குமாடா?” என்பது அம்மாவின் கேள்வி. அப்பாவின் கேள்வி வேறு: “ஓட்டை போட்டா ஆபீஸ்ல கேக்க மாட்டாங்களா?”

மற்ற ஊர்களில் இந்தப் பேச்சு பார்வை உயரம், வயரை மறைப்பது, கொஞ்சம் அழகு என்பதோடு முடிந்துவிடும். மலையகத்தில் அந்த அப்பாவின் கேள்விக்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்தச் சுவர் அவருடையது அல்ல. அவருடைய அப்பாவுடையதும் அல்ல, தாத்தாவுடையதும் அல்ல.

*

முதலில் சுவரைப் பார்க்க வேண்டும். இலங்கை மலைநாட்டில் 1820களிலும் 30களிலும் கோப்பி வந்தது. திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். கோப்பிக் காலத்தில் ஆட்கள் பருவத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் திரும்பிப் போனார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையை வணிகமாகப் பயிரிட்டார். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்து மலை முழுக்கத் தேயிலையானது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் கொழுந்து வரும், ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். குடும்பம் குடும்பமாக மக்கள் நிலையாகத் தங்கியது இதனால்தான். கட்டடம் மட்டும் வந்து போகிறவர்களுக்குக் கட்டிய கட்டடமாகவே நின்றுவிட்டது.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் அறைகள். ஓர் அறைக்குத் தோட்டத்தில் காம்பரா என்று பெயர். முன்னால் ஒரு சிறிய திண்ணை, அதற்கு இஸ்தோப்பு என்று பெயர். வழக்கமான காம்பரா 10 அடிக்கு 12 அடி, அதாவது 120 சதுர அடி. சில லயங்களில் ஒரு வரிசைதான். சிலவற்றில் முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு வரிசை. அப்படிப்பட்ட லயத்தில் பின்சுவரில் சன்னல் வைக்க வழியில்லை, ஏனென்றால் சுவருக்கு அந்தப்பக்கம் இன்னொரு குடும்பம். 1912இல் வந்த சட்டங்கள் தோட்டத் தொழிலாளரின் சுகாதாரத்தையும் குடியிருப்பையும் அரசின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தன. அதன் பிறகு எழுந்த லயங்களில் காற்றும் வெளிச்சமும் ஓரளவு கூடின. முன்பு கட்டியவை இடிந்துவிடவில்லை. நூறு வயதைத் தாண்டிய லயங்களில் இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள்.

பழைய லயத்தின் சுவர், தோட்டம் வெட்டும்போது கிடைத்த கருங்கல்லை மண்ணோடு சேர்த்து அடுக்கியது. மேலே சுண்ணாம்போ சீமெந்தோ பூசியிருக்கும். கூரை தகரம். காம்பராக்களுக்கு இடையில் உள்ள சுவர் பல லயங்களில் கூரை வரை போகாது. ஒரு காம்பராவில் குழந்தை இருமினால் நாலாவது காம்பராவில் கேட்கும். ஒரு காம்பராவில் டிவி போட்டால் லயத்துக்கே சத்தம்.

சுவரின் தன்மை இது. அதன் உரிமை இன்னும் கடினமான விஷயம். வேலைக்குப் பேர் பதிந்தவருக்குத்தான் காம்பரா. வேலை போனால் காம்பராவும் போகும். தோட்டத்துக்குள் அனுமதியில்லாமல் வெளியார் நுழைந்தால் அத்துமீறல் குற்றம். தொழிற்சங்கத்தை முதன்முதலில் தோட்டங்களுக்குள் கொண்டுபோன கோ. நடேசய்யர் புடைவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குப் போய் வந்தது இதனால்தான். 1946இல் கேகாலைப் பக்கத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தில் நடந்ததை மலையக வரலாறு எழுதுகிற எவரும் விடுவதில்லை. கிராமத்தவருக்குக் காணி கொடுப்பதற்காக அரசு அந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டது. தொழிலாளரை லயத்தைவிட்டு வெளியேறச் சொன்னது. அவர்கள் வெளியேறவில்லை. தாங்கள் வாழ்ந்த காம்பராவிலேயே அத்துமீறி இருந்ததாக அவர்கள்மேல் வழக்கு வந்தது. அதை எதிர்த்துப் பல தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. பூண்டுலோயா பக்கத்து மடக்கும்புர தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போன எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை, தம் நாவல் ஒன்றுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயர் வைத்தார். கூரைக்குக் கீழே இருந்தும் வீடில்லாத மனிதனைப் பற்றி எழுத அவருக்குக் கற்பனை அதிகம் தேவைப்பட்டிருக்காது.

1948இன் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதமிருந்த 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்வதாக ஏற்பாடு. 1974இல் அவர்களையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எந்த மாதம் பெயர் வரும், எந்த நாளில் தலைமன்னாருக்கு ரயில் ஏற வேண்டும் என்று தெரியாத குடும்பங்கள் இருபது ஆண்டுகள் இப்படி வாழ்ந்தன. சுவரில் எதையும் நிலையாகப் பொருத்தும் எண்ணம் அப்படிப்பட்ட வீட்டில் எங்கே வரும்? ட்ரங்குப் பெட்டிக்குள் மடித்து வைக்கக்கூடியதே சொத்து.

ஆனாலும் லயத்துச் சுவர்கள் வெறுமையாக இருந்ததில்லை. முருகனும் மாரியம்மனும் சட்டத்துக்குள் இருந்தார்கள். கடைவீதியில் கொடுத்த நாட்காட்டி ஆண்டு முடிந்த பிறகும் படத்துக்காகத் தொங்கியது. எம்.ஜி.ஆர். இருந்தார். இறந்துபோன தாத்தாவின் ஒரே புகைப்படம் இருந்தது. எல்லாமே சிறு ஆணியிலும் சணல் கயிற்றிலும் தொங்கியவை. ஆணியைக் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மண் இருக்கும் இடம் பார்த்து, விரலால் தட்டிச் சத்தம் கேட்டு அடிக்க வேண்டும். இந்தக் கைப்பழக்கம் தெரியாதவர் தோட்டத்தில் யாரும் இல்லை.

*

பார்ப்பதும் கேட்பதும் நெடுங்காலம் வீட்டுக்கு வெளியேதான் நடந்தன. மாசி மாதத்தில் காமன் கூத்து, கோடைத் திருவிழாவில் அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். லயத்து முன்றிலோ கோயிலடியோ தோட்டத்து மைதானமோ அரங்கு. விடிய விடியப் பார்த்துவிட்டு அங்கிருந்தே பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போகிறவர்களும் உண்டு. ஆடியவர்களும் பார்த்தவர்களும் ஒரே லயத்துக்காரர்கள்.

வீட்டுக்குள் முதலில் வந்த குரல் வானொலி. கொழும்பில் 1925 டிசம்பரில் தொடங்கிய வானொலி மெல்ல மெல்ல வளர்ந்து, 1950களில் தெற்காசியா முழுக்கக் கேட்கும் இலங்கை வானொலியானது. வால்வு ரேடியோ பெரிய கங்காணி வீட்டிலும் கடையிலும் மட்டும் இருந்தது. லயத்துக்கு ரேடியோவைக் கொண்டுவந்தது டிரான்சிஸ்டர். அதற்கு மின்சாரம் வேண்டாம், நாலு பற்றரி போதும். கொழுந்து மலைக்கும் கொண்டுபோகலாம். ரேடியோ இருந்த வீட்டு இஸ்தோப்பில் சாயங்காலம் கூட்டம் கூடியது. அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவின் வேகமும் பி.எச். அப்துல் ஹமீதின் நிதானமும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். பற்றரி தளர்ந்தால் வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு மாலைக்கு உயிர் கொடுப்பார்கள். இந்தியா போகும் நாள் வந்தால் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். நாடற்றவர்களுக்குப் பொருந்திய கருவி அது. அதற்குச் சுவரும் வேண்டியிருக்கவில்லை, யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

டிவி அப்படிப்பட்டதில்லை. அதற்கு மின்சாரம் வேண்டும். இலங்கையின் நீர்மின்சாரம் பிறந்த இடமே இந்த மலைகள்தான் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். டி.ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் லக்சபான நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே எழுதினார். 1950இல் லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது. நோட்டன் பிரிட்ஜில் அவர் பெயரில் இன்னொரு நிலையம் 1965இல் வந்தது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களுக்காகத் தேயிலை மலைகள் நீருக்குள் போயின. பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. வறட்சியில் நீர் இறங்கினால் இன்றும் பழைய கோயிலின் தூண்கள் தெரியும். அந்த அணைகளிலிருந்து கிளம்பிய கம்பிகள் லயங்களின் கூரைக்கு மேலாகவே கொழும்புக்குப் போயின. லயத்துக்குள் இறங்கவில்லை.

தோட்டத்துக்குள்ளும் இதே நிலைதான். பல தேயிலைத் தொழிற்சாலைகள் ஓடைத் தண்ணீரில் டர்பைன் வைத்துத் தாமே மின்சாரம் எடுத்தன. தொழிற்சாலையில் விளக்கு எரிந்தது, துரை பங்களாவில் எரிந்தது, உத்தியோகத்தர் வீடுகளிலும் எரிந்தது. லயத்தில் மண்ணெண்ணெய். 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுக்குப் போன பிறகும் இது உடனே மாறவில்லை. லயங்களில் பரவலாக மின்சாரம் வந்தது 1990களிலும் அதற்குப் பிறகும்தான்.

மின்சாரம் வருவதற்கு முன்பே படம் வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தது டெக். அட்டனிலிருந்தோ தலவாக்கலையிலிருந்தோ ஒரு டிவியும் ஒரு வீடியோ டெக்கும் நாலைந்து கசெட்டும் வாடகைக்கு வரும். லயத்து வாசலில் மேசை போட்டு, கார் பற்றரியிலோ ஜெனரேட்டரிலோ ஓடவிடுவார்கள். கல்யாணத்துக்கு டெக், பெண் பிள்ளை பெரியவளானால் டெக், திருவிழாவின் மறுநாள் டெக். சில இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கியும் காட்டினார்கள். பெட்ரோல் தீர்ந்து பாதியில் நின்ற படங்களின் முடிவை இன்றுவரை தெரியாமலே இருக்கும் முதியவர்கள் உண்டு. காமன் கூத்து நடந்த அதே இடத்தில் அதே மக்கள் சாக்கு விரித்து உட்கார்ந்து பார்த்தார்கள். அரங்கு மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டிவி அப்போதும் வெளியில்தான் இருந்தது.

வீட்டுக்குள் அது வந்த வழி வேறு. 1984இல் வேலைநிறுத்தம் செய்து பெண்கள் ஆண்களுக்குச் சமமான சம்பளம் பெற்றார்கள். 1988இல் எஞ்சிய நாடற்றவர் பிரச்சினையைத் தீர்க்கச் சட்டம் வந்தது, 2003இல் இன்னொரு சட்டம் அதை முடித்துவைத்தது. இதே ஆண்டுகளில் பெண்கள் வீட்டு வேலைக்கு சவூதிக்கும் குவைத்துக்கும் போனார்கள். இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்குப் போனார்கள். அவர்கள் அனுப்பிய காசு, தீபாவளி முற்பணம், லயத்துச் சீட்டு, தவணைக்குக் கொடுக்கும் கடை என்று நாலும் சேர்ந்து டிவி வாங்கின. 1877 முதல் இலங்கையில் தையல் இயந்திரம் விற்று வந்த சிங்கர் நிறுவனம் தவணை வியாபாரத்தைச் சிறு நகரங்கள்வரை கொண்டுபோயிருந்தது. தையல் மெஷின் போன வழியிலேயே டிவியும் போனது.

அந்தக் காலத்து 21 அங்குல டிவி 20 கிலோவைத் தாண்டும். காம்பராவின் ஒரு மூலையை அது முழுதாக எடுத்துக்கொண்டது. கண்ணாடி அலுமாரி ஒன்றை அதற்காகவே செய்வித்தார்கள். நடுத்தட்டில் டிவி, மேல்தட்டில் பிள்ளைகள் பள்ளியில் வாங்கிய கிண்ணங்களும் பிளாஸ்டிக் பூவும், கீழ்த்தட்டில் விருந்தாளி வந்தால் எடுக்கும் கோப்பைகள். பார்த்து முடிந்ததும் ஓரத்தில் பூவேலை செய்த வெள்ளைத் துணியை அதன்மேல் போர்த்துவார்கள். அடுப்புப் புகையும் கரியும் படியாமல் காக்கும் துணி அது. புதுப் பொருளுக்குக் கொடுத்த மரியாதையும் அதில் இருந்தது. 1996 மார்ச் 17 லாகூரில் இலங்கை உலகக் கிண்ணம் வென்ற இரவில், தோட்டத்துக்கு வேலைக்கு வந்த தாத்தாவின் பேரனான முத்தையா முரளிதரன் பந்து வீசுவதைப் பார்க்க, டிவி இருந்த காம்பராவில் கால் வைக்க இடமிருந்திருக்காது.

ஆனால் அந்த டிவியில் வந்தது பெரும்பாலும் சிங்களம். ரூபவாஹினியில் தமிழுக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம். அதிலும் ஒரு சிக்கல். பிதுருதலாகலவிலிருந்து வரும் அலை நேர்கோட்டில் போகும். மடிப்பு மடிப்பான மலைகளுக்கிடையே பள்ளத்தில் இருக்கும் பணிய லயத்துக்கு அது வந்து சேராது. மூங்கிலில் அன்டெனாவைக் கட்டி, ஒருவர் வெளியே திருப்ப, ஒருவர் உள்ளேயிருந்து “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று கத்த வேண்டும். மின்னல் வந்தால் ஓடிப்போய் வயரைக் கழற்ற வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் மலையில் இடி அதிகம்.

இதையெல்லாம் தீர்த்தது டிஷ். 1993 ஏப்ரல் 14இல் சென்னையில் சன் டிவி தொடங்கியது. 1998இல் கொழும்பிலிருந்து சக்தி டிவி வந்தது. செய்மதி ஒளிபரப்பு மலையகத்துக்கு அமைந்த விதம் சுவையானது. அந்தச் செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்கின்றன. இலங்கையோ பூமத்திய ரேகைக்கு ஏழு பாகைதான் வடக்கே. ஆகவே இங்கே டிஷ் ஏறக்குறைய வானத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டும். எவ்வளவு ஆழமான பள்ளத்தில் லயம் இருந்தாலும் தலைக்கு மேலே வானம் இருக்கும். மலையுச்சிக் கோபுரத்திலிருந்து கிடைக்காத படம் 36,000 கிலோமீற்றர் உயரத்திலிருந்து கிடைத்தது. பத்துக் காம்பரா லயத்தின் தகரக் கூரையில் பத்து டிஷ் நிற்பதை அட்டன் பாதையில் போகும் எவரும் இன்று பார்க்கலாம். வறுமை பற்றிப் பேச வருகிறவர்கள் இந்த டிஷ்களைக் காட்டிக் குறைசொல்வது உண்டு. அது நியாயமில்லை. சொந்த மொழியில் ஒரு செய்தி கேட்க, ஒரு பாட்டுக் கேட்க இந்த மக்களுக்கு வேறு வழி யாரும் செய்து கொடுக்கவில்லை.

*

தட்டைத் திரை வந்தபோது கண்ணாடி அலுமாரி தேவையற்றுப் போனது. 32 அங்குல எல்இடி டிவி ஏறக்குறைய 5 கிலோதான். 120 சதுர அடியில் கட்டில், அலுமாரி, பிள்ளைகளின் மேசை, ஆறு பேர் என்று வாழ்கிற குடும்பத்துக்கு ஒரு மேசை அளவு தரை மிச்சமாவது பெரிய காரியம். அந்த இடத்தில் ஒரு பிள்ளை பாய் போட்டுப் படுக்கலாம். மகனின் ஆசையை வெறும் பகட்டு என்று ஒதுக்க முடியாது.

அம்மாவின் கேள்வியும் சரியான கேள்விதான். டிவியைச் சுமக்கும் பிராக்கெட்டை நாலு ஸ்குரூவில் பிடிக்கச் செய்வது, துளைக்குள் விரியும் பிளாஸ்டிக் ரோல்பிளக். செங்கல்லிலும் கொங்கிரீட்டிலும் அது நன்றாகப் பிடிக்கும். கருங்கல்லும் மண்ணும் அடுக்கிய சுவரில் டிரில் கல்லில் பட்டால் வழுக்கி ஓடும். மண்ணில் பட்டால் சரசரவென்று கொட்டித் துளை இரண்டு மடங்காகும். பிளக் உள்ளே சும்மா சுற்றும். பூச்சு பெயர்ந்து கைப்பிடியளவு மண் கட்டிலில் விழும். சிறு ஆணிக்கு இடம் பார்க்கத் தெரிந்த விரல்களுக்கு, சரியாக 10 அல்லது 20 சென்டிமீற்றர் இடைவெளியில் இருக்க வேண்டிய துளைகளுக்கு இடம் தேடுவது முடியாத வேலை. கல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கும்.

இதற்கு ஒரு வழி உண்டு. நல்ல கனமான பலகை ஒன்றைச் சுவரின் குறுக்கே வைத்து, கிடைத்த இடங்களில் ஏழெட்டு நீள ஸ்குரூ இறக்கிப் பலகையை முதலில் நிலைப்படுத்த வேண்டும். பிறகு பிராக்கெட்டைப் பலகையில் பூட்டலாம். பாரம் பரவிவிடும். கூரைக்குக் கீழே ஓடும் மரத்திலிருந்து இரண்டு சட்டங்களை இறக்கி, அதில் பூட்டுவது இன்னும் உறுதி. எந்தச் சுவர் என்பது அடுத்த கேள்வி. லயங்கள் மலைச்சரிவை வெட்டிய இடத்தில் நிற்கின்றன. மேட்டுப் பக்கத்துச் சுவர் தென்மேற்குப் பருவமழையில் மாதக்கணக்கில் ஈரம் இழுத்துக்கொண்டு நிற்கும். மஸ்கெலியாவிலும் நோட்டனிலும் அந்தச் சுவரில் கை வைத்தால் ஆனி ஆடியில் தண்ணீர் ஒட்டும். அதில் மாட்டிய டிவியின் பின்பக்கம் பச்சை பூத்துச் சீக்கிரம் கெட்டுப்போகும். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையிலுள்ள சுவர் உலர்ந்தது. ஆனால் அதற்கு அந்தப்பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் சாமிப்படம் இருக்கலாம். துளை போடுமுன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து வயர். லயத்தில் மின்சாரம் எடுக்கத் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் தேவைப்பட்டது, ஏனென்றால் கட்டடம் குடியிருப்பவருடையதல்ல. கடிதம் கிடைக்காதவர்கள் அடுத்த காம்பராவிலிருந்து வயர் இழுத்தார்கள். ஒரு விளக்குக்கும் ஒரு ரேடியோவுக்கும் இழுத்த மெல்லிய வயரில் இன்று டிவி, டிஷ் பெட்டி, மின்கேத்தல், ரைஸ் குக்கர், நாலு கைபேசி. மின்கசிவால் லயம் எரிந்தது என்ற செய்தி இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. நடுச்சுவர் கூரையைத் தொடாததால் ஒரு காம்பராவில் பிடித்த தீ கூரைக்கடியில் ஓடி வரிசை முழுவதையும் எரித்துவிடுகிறது. பத்துக் குடும்பங்கள் ஒரே இரவில் பாடசாலைக்கோ கோயில் மண்டபத்துக்கோ போய்த் தங்குகின்றன. பிராக்கெட்டுக்குச் செலவழிக்கும் காசில் முதலில் வயரையும் பிளக்கையும் மாற்றுவதே அறிவான செயல். மாட்டுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

அப்பாவின் கேள்வி மிஞ்சுகிறது. 1992இல் அரசுத் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. பிறகு 53 ஆண்டுக் குத்தகையானது. 1992இலிருந்தே கணக்கு என்பதால் அது 2045இல் முடியும். நிலம் அரசினுடையது, நிர்வாகம் கம்பனியினுடையது, சுவருக்குள் இருப்பவர் அங்கே நாலாவது, ஐந்தாவது தலைமுறை. தன் செலவில் இஸ்தோப்பை அடைத்துக் குசினி கட்டினாலும், சீமெந்து பூசினாலும், தரைக்கு ஓடு பதித்தாலும் எதுவும் அவர் பெயரில் எழுதப்படாது. இன்று டிவிக்குத் துளை போட்டதற்காக யாரும் ஆபீசுக்குக் கூப்பிடப்போவதில்லை. ஆனால் நேவ்ஸ்மயரைப் போன்ற கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்தத் தயக்கம் நியாயமான தயக்கம்.

2015க்குப் பிறகு தனி வீட்டுத் திட்டங்கள் வேகம் பிடித்தன. ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி, அதாவது ஏறக்குறைய 1,900 சதுர அடி. அதில் இந்திய அரசின் உதவியில் கட்டிய வீடு 550 சதுர அடி. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், குசினி, கழிப்பறை. முதலில் 4,000 வீடுகள். 2017 மே 12ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் பேசிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயத்திலேயே இருக்கும் குடும்பங்களின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் இது சிறு தொடக்கம்.

புது வீட்டுச் சுவர் சீமெந்துக் கல். டிரில் நேராக இறங்கும், பிளக் பிடிக்கும். கல் உள்ளே பொந்தாக இருந்தால் மட்டும் அதற்கென்று இருக்கும் நீள பிளக் வாங்க வேண்டும். அங்கே குடிபோனவர்கள் கூடத்துச் சுவரில் டிவியை மாட்டுகிறார்கள், சாமிக்குத் தனியாக ஒரு தட்டு வைக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்பதில்லை. ஆபீசில் கேட்பார்களா என்ற பேச்சும் எழுவதில்லை. ஆனால் வீட்டின் சாவி கையில் வந்தும் காணி உறுதி பெயருக்கு வராமல் காத்திருந்த குடும்பங்கள் நிறைய. உறுதி இல்லாவிட்டால் வங்கியில் கடன் இல்லை, வீட்டை இன்னும் ஓர் அறை நீட்ட வழியில்லை. மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டானதைக் குறித்து, மலையகம் 200 என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் காணியும் வீடும் முன்வரிசையில் இருந்தன. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயானது, 2024இல் 1,350 ரூபாயானது. அந்தச் சம்பளத்தில் சீட்டுக் கட்டி டிவி வாங்கலாம், பிராக்கெட்டும் வாங்கலாம். ஏழு பேர்ச் காணியின் உறுதியைக் கடையில் வாங்க முடியாது. அதை எழுதிக் கொடுக்க வேண்டியது அரசு.